ஷட்டர் இறக்கும் நேரம்

ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் ஓராண்டுக்குள் தனியாரிடம் வேலைக்குச் சேர விரும்பினால் அரசிடம் முன் அனுமதி கேட்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அறுபது நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே கருதிக்கொள்ளலாம். ஓய்வூதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதில் போடாமல் காலம் கடத்துவதற்கு அரசாங்கம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை என்று, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான் இருக்கிறது.

இந்த விதி உயர் பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற என்னைப் போன்றவன் மறுநாளே லாரி ஓட்டப் போனாலும் எந்தச் செயலகத்துக்கும் தூக்கம் கெடாது. ஆனால் நான் அனுமதி கேட்க வேண்டியிருந்த இடம் வேறு. அருப்புக்கோட்டைக் கடைவீதியில் ரவிக்கைத் துணியும் உள்பாவாடையும் நூல்கண்டும் விற்கிற என் மனைவியிடம். அங்கேயும் இந்த விதி செல்லுபடியாகும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்து நான்கு வருட வேலையில் சொந்த ஊரில் நான் இருந்தது மூன்று வருடம். மற்ற காலமெல்லாம் சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுகிற ஆள். என் மகன் சிறுவனாக இருந்தபோது பள்ளியில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னார்களாம். அம்மாவையும் கடையையும் வரைந்துவிட்டு, ஓரத்தில் ஒரு பஸ்ஸையும் வரைந்திருந்தான். பஸ்ஸுக்குள் ஆளில்லை.

மனைவியின் கடை அவள் அப்பாவிடமிருந்து வந்தது. ஷட்டரும் அவர் காலத்தது. காலையில் லேசாக ஏறிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு இறக்கும்போது பாதியில் சிக்கி நின்றுவிடும். ஒரு ஆள் கொக்கியைப் பிடித்துத் தொங்கினால்தான் கீழே வரும். அடுத்த கடை பாத்திரக்கடை. அதன் முதலாளியான அண்ணாச்சிதான் தினமும் வந்து தொங்குவார். "அண்ணாச்சி, கொஞ்சம் ஷட்டரு" என்று இருபத்தெட்டு வருடம் அவள் கூப்பிட்டிருக்கிறாள். இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பணி நிறைவு விழாவில் போட்ட சந்தன மாலையோடு நான் கடைக்குப் போய் இறங்கிய அன்று, பக்கத்துக் கடையைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அண்ணாச்சி, இனிமே உங்களுக்கும் ரிட்டயர்மெண்டுதான்."

அதை அவள் எவ்வளவு காலமாகச் சேர்த்து வைத்திருந்தாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். அடுக்களையிலிருந்த பருப்பு டப்பாக்களில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டினேன். முதலில் வந்தது முதலில் செலவாக வேண்டும் என்பது எந்தக் கிடங்குக்கும் பொது. கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று ஒரு பதிவேடு போட்டேன். இரண்டாவது சிலிண்டருக்கு விளக்கம் கேட்டபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல இருங்கன்னுதான் சொன்னேன். வீட்டைத் தணிக்கை பண்ணுங்கன்னு சொல்லல."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்தின் பழைய ஜீப் டிரைவர் என்னைப் பார்க்க வந்தார். எனக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றவர். திருச்சுழியில் இரண்டு லாரி வைத்திருந்தார். ஒரு வண்டிக்கு ஆள் நிற்பதில்லை என்று வருத்தப்பட்டார். "சின்னப் பயலுக எல்லாம் நீள ரூட்டு கேக்குறானுக சார். பக்கத்துல ஓட்ட ஆளில்ல" என்றார்.

எனக்குள் ஏதோ அசைந்தது. ஜீப்பின் இடப்பக்கம் உட்கார்ந்து, வலப்பக்கத்தில் இருக்கிறவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று ஆயுள் முழுக்கச் சான்றளித்தவன் நான். கார் ஓட்டும் உரிமம் இருந்தது, கார்தான் இல்லை. பக்கத்து ரூட்டு, பகல் ஓட்டம், மாலையில் வீடு. இதைவிட ஒழுங்கான வேலை அரசாங்கத்திலேயே கிடையாது.

கனரக உரிமத்துக்கு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். பழகுநர் உரிமம், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு, கயிறு கட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கோப்பைப் புரட்டிவிட்டு, "பையனை உள்ள வரச் சொல்லுங்க சார்" என்றாள். "பையன் நான்தான்மா" என்றேன். அவள் என் பிறந்த தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். உச்ச வயது வரம்பு எதுவும் இல்லை என்பதை எடுத்துச் சொன்னேன். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் எனக்குச் சொன்ன குறை ஒன்றே ஒன்று. "சார், ஒவ்வொரு கியருக்கும் ஒப்புதல் வாங்குற மாதிரி யோசிக்காதீக. போடுங்க."

உரிமம் கைக்கு வந்த பிறகு மனைவிக்கு மனு எழுதினேன். வாயால் கேட்டிருக்கலாம். ஆனால் முக்கியமான விஷயத்தை வாயால் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பொருள்: லாரி ஓட்ட அனுமதி வேண்டுதல், தொடர்பாக. நிபந்தனைகளை நானே விதித்துக்கொண்டேன். ஒன்று, வெளியூரில் தங்கும் ஓட்டம் இல்லை. இரண்டு, தினமும் எட்டு மணிக்குக் கடைக்கு வந்து ஷட்டரை இறக்குவேன். இணைப்பு: உரிம நகல், மருத்துவச் சான்று.

அவள் ஒரு வாடிக்கையாளருக்கு முக்கால் மீட்டர் அளந்துகொண்டே படித்தாள். நாலாக மடித்து இஞ்சு டேப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"பாத்துச் சொல்றேன்" என்றாள்.

அலுவலகத்தில் இதை இடைக்காலப் பதில் என்போம். இது வாய்மொழியாக வந்ததால் நான் கோப்பில் சேர்க்கவில்லை. நாட்களை எண்ணினேன். அறுபத்தோராம் நாள் காலையில் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, அனுமதி கிடைத்ததாகக் கருதி, திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். அந்தக் கரி மூட்டைகளைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதுதான் என் முதல் வேலை. பழைய ஜீப் டிரைவர், இப்போது என் லாரி முதலாளி, முதல் நாள் கூடவே நின்றார். நான் தார்ப்பாய் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், கோபிச்சுக்கிடாதீக. இது பைலு கட்டுற முடிச்சு. காத்துக்கு நிக்காது."

"சரிங்க முதலாளி."

"ஐயோ சார், அப்படிக் கூப்பிடாதீக. வீட்டுல கேட்டா சிரிப்பாக."

ஆனால் சாயங்காலம் என் டிரிப் ஷீட்டை வாங்கி, கிலோமீட்டர் மீட்டரை எட்டிப் பார்த்து, எழுதியதோடு ஒத்துப்பார்த்து, மறுபடியும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

வழியில் ஒரு சோதனையில் வண்டியை நிறுத்தினார்கள். பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட், புகைச் சான்று என்று ஒவ்வொன்றிலும் நிறத் தாள் ஒட்டிக் கோப்பாகவே கொடுத்தேன். அந்தக் காவலர் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "சார், சர்வீஸ்ல இருந்தவுகளா?" என்றார். ஆமாம் என்றதும் வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய், வைப்பு நிதியில் முன்பணம் கேட்ட தன் விண்ணப்பம் ஏன் இரண்டு முறை திரும்பி வந்தது என்று கேட்டார். எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருப்பார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் என் லாரிக்குத் தனி மரியாதை.

முதல் வாரங்களில் எட்டு மணிக்குள் கடைக்கு வந்துவிட்டேன். நான் கரி படிந்து வந்து நிற்பேன். அவள் ஸ்டூலில் செய்தித்தாள் விரிப்பாள். மனுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

லாரித் தொழிலில் காலி வண்டியோடு திரும்புவது பாவம். போன இடத்தில் எதையாவது ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அதற்காக ராத்திரி தங்கினாலும் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் தூத்துக்குடியில் கரியை இறக்கியதும், உப்பு மூட்டை இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்றார்கள். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"கொஞ்சம் லேட்டாகும்."

"சரி."

இந்தச் "சரி"யை எனக்குத் தெரியும். முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கேட்டது. தெரிந்தும் உப்போடுதான் வந்தேன்.

நான் கடைவீதிக்கு வந்தபோது மணி எட்டு ஐம்பது. எல்லாக் கடையும் அடைத்திருந்தது. எங்கள் கடை ஷட்டர் பாதியில் நின்றது. அதற்குக் கீழே வெளிச்சம். அவள் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்து முடித்ததை மறுபடியும் கொட்டிப் பிரித்தது போலிருந்தது.

"அண்ணாச்சி எங்க?"

"விருதுநகர்ல கல்யாணம். காலையிலயே போயிட்டாக."

"வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"இருபத்தெட்டு வருசம் கூப்பிட்டேன். இன்னைக்குக் கூப்பிட மனசு வரல."

தொங்கி இறக்கினேன். வீட்டுக்கு நடக்கும்போது, பேசாமல் வந்திருக்கலாம், வாதம் செய்தேன்.

"நீ மறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலயே. அறுபது நாள் பாத்தேன்."

அவள் நின்றாள். "கடைக்கு ஒருத்தி வாரா. அரை மணி நேரம் துணியைத் தடவித் தடவிப் பாக்குறா. வாயைத் திறக்கல. நான் கிழிச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்துருவேனா?"

"மாட்ட."

"ஏன்?"

"அவ இன்னும் வாங்கல."

"அதான். நான் இன்னும் துணியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

எல்லா விதிக்கும் மேல்முறையீடு உண்டு. இதற்கு இல்லை.

மறுநாள் திருத்திய மனு ஒன்று கொடுத்தேன். மூன்றாவது நிபந்தனையாக, மூன்று மணிக்குள் லோடு தயாராகாவிட்டால் காலி வண்டியோடு திரும்புவேன் என்று சேர்த்தேன். நான்காவதாக, பழுதான ஷட்டரை ஆள் வைத்துச் சரிசெய்து தருவதாகவும் எழுதினேன். அவள் வாங்கி, முதல் மனுவின் மேல் வைத்து, இஞ்சு டேப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"ரெண்டும் ஒரே பைலா, தனித்தனியா?" என்று கேட்டாள். அவளுக்கும் தொற்றிவிட்டது.

முதலாளிக்குத்தான் சங்கடம்.

"மூணு மணிக்கு மேல ஏத்த மாட்டீகளா? சார், நீங்க லாரிக்கு வந்தீகளா, பேங்குக்கு வந்தீகளா?"

"தூத்துக்குடி வேணாம். பக்கத்துல குடுங்க. முதல்ல நீங்க சொன்னதும் அதுதானே."

அவர் மறுக்க முடியாதபடி அவர் வார்த்தையையே எடுத்து வைத்தேன். மல்லாங்கிணற்றிலிருந்து கொத்தமல்லி மூட்டை, குமாரலிங்கபுரம் பக்கம் சிமெண்டு, வீரசோழன் பக்கத்திலிருந்து அருப்புக்கோட்டைக் கிட்டங்கிக்குக் கரி என்று குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். மற்ற டிரைவர்கள் என்னை 'எட்டு மணி சார்' என்றார்கள். ஏழு ஐம்பதுக்கு நான் கடை வாசலில் நிற்பதைப் பார்த்து அண்ணாச்சி கல்லாவைப் பூட்டத் தொடங்கினார். ஒருநாள் என்னிடம் ரகசியமாக, "இருவத்தெட்டு வருசச் சர்வீஸு. எனக்குப் பென்சன் எதுவும் வருமா சார்?" என்றார். மூன்று பாதகமான விதிகளைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

மனுவுக்கு மட்டும் பதில் இல்லை. முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். "பரிசீலனையில இருக்கு" என்றாள்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம். வீரசோழனுக்கு அந்தப் பக்கம் ஒரு கரி மூட்டத்தில் லோடு. கிழக்கே வானம் கறுத்திருந்தது. மூட்டை சுமக்கிறவர்களில் மூத்தவர் வண்டியை மறித்தார்.

"ரோட்டுலயே நிறுத்துங்க சார். நாங்க சுமந்து வாரோம். கரிசக்காடு, ஒரு தூத்தல் விழுந்தாப் போதும்."

நான் ஏற்றுக் கூலிக்கான பேச்சை அவருக்கு நினைவூட்டினேன். மூட்டம் இருக்கும் இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவர்களைக் கால் மைல் சுமக்க வைப்பது முறையல்ல. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். நான் முறைப்படி காட்டுக்குள் இறக்கினேன்.

பாதி ஏற்றும்போது மழை வந்தது. அரை மணி நேரம்தான். நின்றதும் வண்டியை எடுத்தேன். பின் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. கரிசல் மண் சக்கரத்தோடு சக்கரமாக ஏறி, டயரின் வெட்டுகளை மூடி, லாரியை அச்சு வரை உட்கார வைத்தது. கல் போட்டோம், கருவேல முள் போட்டோம், காலிச் சாக்கு போட்டோம். மூத்தவர் கரையில் குத்தவைத்துப் பீடி குடித்தார்.

"முறைப்படி மாட்டிக்கிருச்சு சார்" என்றார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். காலையில்தான் டிராக்டர் கிடைக்கும் என்றார். "ராத்திரி வண்டியிலேயே படுத்துக்கிடுங்க சார். சாப்பாடு குடுத்து விடுறேன்."

மணி ஐந்து. லோடோடு நிற்கிற வண்டியை ஓட்டுநர் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதற்கு விதி வேண்டியதில்லை. எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான். என் வாழ்க்கையில் பொறுப்பில் இருந்த ஒரு பொருளை, ஒப்படைப்புச் சான்று இல்லாமல், நான் விட்டுவிட்டுப் போனதில்லை. பீரோ சாவிக்காக ஒரு தடவை பொங்கலுக்கே ஊருக்கு வராமல் இருந்தவன்.

சாவியை மூத்தவரிடம் நீட்டினேன். "ராத்திரி பாத்துக்கிடுவீகளா?"

"மூட்டத்துக்கு எப்பிடியும் காவல் கெடக்கணும். ஒரு லாரி சேந்து கெடக்கட்டும். நீங்க எங்க போறீக?"

"எட்டு மணிக்கு ஒரு வேலை இருக்கு."

"ஆசுபத்திரியா?"

"இல்ல. ஷட்டரு."

அவர் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். முதலாளிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அவர் திருப்பிக் கூப்பிட்டதை எடுக்காமல், ரோட்டுக்கு நடந்தேன். முழங்கால் வரை கரிசல். ஒவ்வொரு காலும் மரக்கால் கனம். பஸ்ஸில் கண்டக்டர் என்னை உட்கார விடவில்லை. "நிண்டுக்கிட்டே வாங்க பெரியவரே, சீட்டுல பயிரு வெளஞ்சிரும்" என்றார். திருச்சுழியில் இறங்கி இன்னொரு பஸ் மாறினேன்.

கடைக்கு வந்தபோது ஏழு ஐம்பத்தைந்து. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் என் காலைப் பார்த்தாள். அப்புறம் தெருவைப் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"நிக்குது."

"எங்க?"

"வீரசோழன் பக்கம். சேத்துல."

"விட்டுட்டா வந்தீக?"

"ஆமா."

"எழுதி வாங்குனீகளா?"

"இல்ல."

அவள் மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள். பக்கத்துக் கடையிலிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன சார், நாத்து நட்டுட்டு வாரீகளா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. நான் கொக்கியைப் பிடித்துத் தொங்கினேன். சேற்றுக் கை வழுக்கியது. இரண்டாவது தடவையில் ஷட்டர் இறங்கியது.

மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி டிராக்டரோடு நின்றார். முகம் சரியில்லை. வண்டி கரையேறியதும் என் டிரிப் ஷீட்டில் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதினார்: 'ஓட்டுநர் வண்டியை விட்டுச் சென்றார்.' எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். முழுக்க உண்மை. நான் கீழே ஒப்பமிட்டேன். அவர் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "டீ குடிப்போம் வாங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தார்கள். பின் சக்கரத்தில் இன்னமும் கரிசல் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். தபால்காரர் ஒரு உறை கொடுத்தார். பெறுநர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பின்னால் 'லாரி டிரைவர்' என்று போட்டிருந்தது. அனுப்புநர், எங்கள் கடை. கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான். தபால் தலை ஒட்டி அனுப்பியிருந்தாள்.

உள்ளே கடை பில் தாள். மீட்டர், அளவு என்று அச்சடித்த கட்டங்களுக்கு மேலே நேராக எழுதியிருந்தாள்.

'ரெண்டு மனுவும் பார்த்தேன். லாரி ஓட்டலாம். வண்டியைச் சேத்துல விட்டதுக்கு உங்க ஓனர்ட்ட மன்னிப்புக் கேக்கவும். மூணாவது நிபந்தனை வேண்டாம், லோடு கிடைச்சா ஏத்தி வரவும், எட்டு மணி மட்டும் போதும். நாலாவது அனுமதி இல்லை. ஷட்டரைச் சரி பண்ண ஆள் கூட்டி வரக் கூடாது.'

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே கடையின் ரப்பர் ஸ்டாம்பு, நேராக.

பழக்க தோஷம், பேனாவை எடுத்து உறையின் மூலையில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன். நவம்பர் நான்கு, செவ்வாய்க்கிழமை, முற்பகல்.